வெட்டினால் போகாத கொன்றை

நேயர்களுக்கு வணக்கம். பருவமழைக்கு அப்புறம் மசினகுடி, தெப்பக்காடு பக்கம் போனவர்கள் சாலையோரக் காடு மஞ்சளாகப் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டியை நிறுத்திப் படமும் எடுத்திருப்பீர்கள். அது நம் கொன்றை இல்லை. அழகுக்கும் நிழலுக்கும் விறகுக்கும் என்று அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ். அது அடர்ந்துவிட்டால் அடியில் புல் முளைக்காது. புல் இல்லாத காட்டில் மானும் காட்டெருமையும் எதை மேயும்?

முதலில் அடையாளம். நம் சரக்கொன்றை சித்திரை வெயிலில் பூக்கும். பூச்சரம் கீழே தொங்கும். சென்னாவின் பூங்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். இயல்வாகையும் நிமிர்ந்துதான் பூக்கும், ஆனால் அதன் இலை புளிய இலை போலப் பொடிப்பொடியாக இருக்கும். பூ தொங்குகிற மரத்தில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

சரி, எப்படி ஒழிப்பது? வெட்டக் கூடாது. இதை எங்கே போனாலும் சொல்கிறேன். கூடலூர்ப் பக்கம் தெரிந்த பெரியவர் ஒருவர், வேலியோரம் நின்ற சென்னாவை ஆள் வைத்து அறுத்துத் தள்ளினார். நல்ல விறகு கிடைத்தது என்று சந்தோஷம். அடுத்த மழையில் போய்ப் பார்த்தேன். அடிக்கட்டையைச் சுற்றிலும் விரல் தடிமனில் தளிர்கள், ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு! ஒரு மரம் இருந்த இடத்தில் ஒரு புதர். "வெட்டினது தப்பா சார்?" என்று கேட்டார். உட்கார்ந்து விளக்கினேன்.

கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் வழி இதுதான். சின்னக் கன்றை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். பெரிய மரத்தை நின்ற நிலையிலேயே விட்டு, தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரம்வரை பட்டையைச் சுற்றிலும் முழுசாக உரிக்க வேண்டும். வெறும் வளையமாக உரித்தால் போதாது. ஒரு கீற்றுப் பட்டை மிச்சமிருந்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். உரித்த பிறகும் திரும்பத் திரும்பப் போய், துளிர்ப்பதைக் கிள்ள வேண்டும். மரம் நின்றபடியே காய்ந்துவிடும்.

முதுமலையில் அகற்றிய சென்னாவைத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கூழுக்கு எடுத்துக்கொண்டது. அதை விரிவாகப் பேச நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: காய் முற்றி விதை உதிரும் முன்பே வேலையைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் கன்று பிடுங்க வேண்டியிருக்கும். வணக்கம்.