இன்டர்வியூவுக்கு வரலைன்னு நாகரிகமா சொல்வது எப்படி?

[திரை: மெயில் இன்பாக்ஸ். தலைப்பு: "நேர்முகத் தேர்வு, வியாழன் காலை 11 மணி"]

குரல்: அழைப்பு வந்துடுச்சு, போக விருப்பமில்லை. பதிலே போடாம விட்டுடலாம்னு தோணும். ஆனா அந்த ஒரு மணி நேரத்துக்காக இரண்டு மூணு பேர் மத்த வேலையைத் தள்ளி வச்சிருப்பாங்க. நீங்க முன்கூட்டியே சொன்னா, அந்த நேரம் வரிசையில் இருக்கிற அடுத்தவருக்குப் போகும். சொல்லலைன்னா உங்க பெயருக்கு நேரா "வரவில்லை"ன்னு குறிப்பு ஏறலாம். அடுத்த தடவை அங்கேயே விண்ணப்பிக்கும்போது அது முன்னாடி வந்து நிற்கும்.

மெயில் எழுதுறதுக்கு முன்னாடி ஒண்ணு. வேறு வேலை கிடைச்சதால மறுக்கிறீங்கன்னா, அந்த ஆஃபர் எழுத்துல வரட்டும். "செலக்ட் ஆயிட்டீங்க"ன்னு போன்ல சொன்னதை நம்பி இந்த இன்டர்வியூவை விடாதீங்க. தேதி மட்டும் ஒத்துவரலையா? வேற தேதி கேளுங்க. சம்பளம் சரிவருமான்னு சந்தேகமா? ஒரு வரியில கேட்டுட்டு அப்புறம் முடிவெடுங்க.

[திரை: "ரிப்ளை" பொத்தான்]

குரல்: முடிவாயிடுச்சுன்னா அன்றே, இல்லைன்னா மறுநாளுக்குள்ள பதில் போடுங்க. புது மெயில் வேண்டாம். வந்த மெயிலுக்கே ரிப்ளை. எந்தப் பணி, எந்தத் தேதின்னு அவங்க தேட வேண்டியிருக்காது.

[திரையில் எழுத்து ஓடுகிறது]

"வணக்கம். கணக்காளர் பணிக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைத்தமைக்கு நன்றி. யோசித்துப் பார்த்ததில், என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முடிவு செய்துள்ளேன். வியாழக்கிழமை 11 மணி நேர்காணலுக்கு வர இயலாது. எனக்காக ஒதுக்கிய நேரத்துக்கு நன்றி."

குரல்: அவ்வளவுதான். இதுல "திரும்பப் பெற"ங்கிற சொல்தான் முக்கியம். அதை விட்டுட்டு "இப்போதைக்கு வர முடியாத சூழ்நிலை"ன்னு எழுதினா, "அடுத்த வாரம் வரலாமா?"ன்னு பதில் வரும். காய்ச்சல்னு பொய் சொன்னாலும் இதே கதைதான். இரண்டாவது பொய் தேவைப்படும். காரணம் சொல்லியே ஆகணும்னு இல்லை. சொல்ல விரும்பினா "வேறொரு பணியை ஏற்றுக்கொண்டேன்" போதும். எந்த நிறுவனம், எவ்வளவு சம்பளம், இவங்களைப் பத்தி வெளியில என்ன கேள்விப்பட்டீங்க, இதெல்லாம் அந்த மெயிலுக்குள்ள வரவே கூடாது.

[திரை: காலண்டர் அழைப்பு, "டிக்லைன்"]

குரல்: சிலர் மெயிலோட வர்ற காலண்டர் அழைப்புல டிக்லைன் (மறுப்பு) மட்டும் அழுத்திட்டு முடிஞ்சதுன்னு நினைச்சுக்குவாங்க. நேரம் ஒத்துவரலையா, வேலையே வேண்டாமான்னு அதுல தெரியாது. முதல்ல மெயில், அப்புறம் டிக்லைன்.

இன்டர்வியூவுக்கு ஒரு நாள்கூட இல்லைன்னா போன் பண்ணிச் சொல்லிட்டு, பிறகு மெயில் அனுப்புங்க. அழைப்பு கன்சல்டன்சி (நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தர்றவங்க) மூலமா வந்திருந்தா அவங்ககிட்டதான் சொல்லணும். நேரா நிறுவனத்துக்கு எழுதினா நடுவுல இருக்கிறவர் தர்மசங்கடப்படுவார். யாராவது பரிந்துரை பண்ணியிருந்தா, மெயில் போறதுக்கு முன்னாடியே அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அலுவலகத்துல யாரோ சொல்லி அவர் தெரிஞ்சுக்கிற மாதிரி விடாதீங்க.

வேலை போர்ட்டல்ல "வித்ட்ரா" அழுத்தி விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும்போது மட்டும் பணியின் பெயரைச் சரிபாருங்க: அதே நிறுவனத்துல வேற பணிக்கும் விண்ணப்பிச்சிருந்தா, தவறானது போயிடலாம்.