புரையேறினால் தலையில் தட்டலாமா?

நேயர்களுக்கு வணக்கம். சாப்பிடும்போது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்போம். நினைப்பவர் யாராகவும் இருக்கட்டும், கோளாறு என்னவோ தொண்டையில்தான்.

இரண்டு விரலைக் கழுத்தின் முன்பக்கம், சங்கின் மேல் வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். சங்கு மேலேறி இறங்கும். அதுதான் குரல்வளை, மூச்சுக்குழாயின் வாசல். உணவுக்குழாய் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கவளமும் மூச்சின் வாசலைத் தாண்டித்தான் வயிற்றுக்குப் போக வேண்டும்.

நாக்கு கவளத்தைப் பின்னால் தள்ளியதும் மேல் அண்ணத்தின் மென்மையான பகுதி எழும்பி மூக்கின் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலும் முன்னுமாக இழுபட்டு நாக்கின் அடியில் ஒதுங்குகிறது. அதன் மூடி மடிந்து கவிழ்கிறது, உள்ளே குரல் நாண்கள் இரண்டும் இறுகச் சேர்கின்றன. மூச்சு நிற்கிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரு விநாடிக்குள். பள்ளிப் பாடத்தில் மூடியைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். வலுவான தாழ்ப்பாள் உண்மையில் அந்த நாண்கள்தான்.

பேசவோ சிரிக்கவோ அந்த நாண்கள் திறக்க வேண்டும். வாயில் சோறு இருக்கையில் சிரித்து மூச்சை உள்ளிழுத்தால், திறந்த வாசலில் பருக்கை நுழைந்துவிடும். சோற்றைவிடத் தண்ணீரும் ரசமும் அடிக்கடி புரையேறுவதற்குக் காரணம் வேகம்: தாழ்ப்பாள் விழுமுன்னே திரவம் ஓடிவிடுகிறது. அண்ணாந்து குடிக்கும்போது கழுத்து பின்னுக்கு வளைவதால் குரல்வளை மேலேறி ஒதுங்குவதும் சிரமமாகிறது. விழுங்கச் சிரமப்படும் முதியவருக்குப் படுத்தவாக்கில் எதையும் புகட்டாதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு மடக்காகக் கொடுங்கள்.

புரையேறியவர் இருமுகிறாரா? இருமட்டும். நாண்கள் மூடியிருக்க, நெஞ்சும் வயிறும் காற்றை அழுத்தி, சட்டென்று திறந்து வெளியே வீசுவதுதான் இருமல். அதைவிட நல்ல மருந்து நம் கையில் இல்லை. தலையில் தட்டுவதால் பயனில்லை. நடுவில் தண்ணீர் கொடுத்தால் அதுவும் உள்ளே போகலாம்.

இருமலும் வரவில்லை, பேச்சும் எழவில்லை, கை கழுத்தைப் பிடிக்கிறது என்றால் அடைப்பு முழுமையானது. 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, அவரை முன்னால் குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி 5 முறை அடியுங்கள். வரவில்லையென்றால் பின்னால் நின்று, தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவில் ஒரு கையின் முஷ்டியை வைத்து, மறுகையால் அதைப் பற்றி, உள்ளும் மேலுமாக 5 முறை இழுங்கள். மாறிமாறித் தொடருங்கள். நினைவு தவறினால் தரையில் கிடத்தி நெஞ்சழுத்தம் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குப் பதில் நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையை முன்கையில் தலை தாழக் குப்புறக் கிடத்தி முதுகில் 5 அடி, பிறகு மல்லாத்தி நெஞ்செலும்பில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 அழுத்தம். பொருள் கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால், அது இன்னும் ஆழத்துக்குப் போகும்.

இன்னொரு சங்கதி. வேர்க்கடலை தின்ற குழந்தை திடீரென்று இருமி, பிறகு அமைதியாகிவிட்டால், 'சரியாப்போச்சு' என்று விட்டுவிடுகிறோம். கடலை மூச்சுக்குழாயின் கிளையில் போய் அமர்ந்திருக்கலாம். பெரியவர்களிடம் வலது கிளை குட்டையாகவும் அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் பெரும்பாலும் வலப்பக்கமே போகும். குழந்தைகளிடம் எந்தப் பக்கமும் போகலாம். கடலை ஈரத்தில் ஊறி உப்பும், அதன் எண்ணெய் சுற்றியுள்ள சவ்வைப் புண்ணாக்கும். சில நாள் கழித்து ஒரு பக்கம் மட்டும் வீசிங், விடாத சளி, காய்ச்சல். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. அதனால் மருத்துவரிடம், "அன்றைக்குக் கடலை தின்றபோது இருமினான்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் அவர் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதா என்று முடிவெடுப்பார்.