61 நாள் தடையும் சுறாக்குட்டியும்

நேயர்களுக்கு வணக்கம்.

சுறாவைப் பற்றிப் பேச ஒருவர் வந்தால் ஆளைக் கடித்த கதை சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நம் கரையில் அந்தக் கதைக்குப் பெரிதாக வேலையில்லை. நாம்தான் அதைப் புட்டு செய்கிறோம், கருவாடு போடுகிறோம், பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று தேடி வாங்கிக் கொடுக்கிறோம். பெரிய இரைகொல்லி மீன்களின் உடலில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், பாலூட்டும் தாய்மார் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். இதை நம் ஊர் மாமியார்களிடம் நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் போதாது. வானொலி என்பதால் சொல்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் பெருகட்டும் என்பதற்கான தடை. சாளைக்கும் காரலுக்கும் அது நியாயமான கணக்கு. ஒரு தாய்மீன் ஆயிரக்கணக்கில் முட்டை விடும். நாலு நாள் விட்டுவைத்தால் பெருகிக்கொள்ளும். நம் வலையில் விழும் சுறாக்களில் பெரும்பாலானவை குட்டி போடுபவை. பால்சுறா ஏறக்குறைய ஓராண்டு சினையாக இருந்து நாலைந்து குட்டி போடும். புலிச்சுறாவுக்கு 13 முதல் 16 மாதம். ஈரல் எண்ணெய்க்காகப் பிடிபடும் சில ஆழ்கடல் சுறாக்கள் ஒன்றிரண்டு குட்டிகளோடு சரி. ஓராண்டு சுமக்கும் தாய்க்கு 61 நாள் எந்த மூலைக்கு?

மீன் சந்தையில் முழங்கை நீளத்தில் கிடப்பதையெல்லாம் பால்சுறா என்றே வாங்குகிறோம். பால்சுறா வளர்ந்தாலும் ஒரு மீட்டர் அளவில் நின்றுவிடும். அதே கூடையைக் கிளறினால் சுத்தியல் போன்ற தலைகொண்ட கொம்பன் சுறாவின் குட்டியும் கிடக்கும், துடுப்பு நுனி கறுத்த பெருஞ்சுறாக்களின் குட்டியும் கிடக்கும். பெண் கொம்பன் இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்த பிறகுதான் முதல் ஈற்று. அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். கூடையில் கிடப்பது அந்த ஆண்டுகளைப் பார்க்கப்போவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2001 ஜூலையில் எல்லாச் சுறாவுக்கும் திருக்கைக்கும் ஒரேயடியாகத் தடை போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் சுறாவுக்காகவே அரபிக்கடலில் வெகுதூரம் போகிறவர்கள். அவர்கள் பிழைப்பு என்னாகும்? அந்த டிசம்பரிலேயே தடை 10 இனங்களாகச் சுருங்கியது. அந்தப் பத்தில் ஒன்று புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய சுறா. 1979க்குப் பிறகு அது பிடிபட்டதாக உறுதியான பதிவு இல்லை. 2013இல் துடுப்பை மட்டும் அறுத்தெடுப்பதற்குத் தடை, 2015இல் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை. இவை துடுப்பை அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசும் கப்பல்களை மனத்தில் வைத்து எழுதியவை. நம் படகில் யார் உடலை வீசினார்கள்? இங்கே கறிதான் காசு.

உலக அளவில் 1970க்குப் பிறகு திறந்த கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 71 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 2021இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. குறைந்தால் என்ன என்று கேட்பவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவைப் பார்க்கலாம். அங்கே புலிச்சுறாக்கள் கூடும் காலத்தில், கடற்புல் செழித்த ஆழமில்லாத திட்டுகளை விட்டு ஆவுளியாக்கள், அதாவது கடற்பசுக்கள், ஒதுங்கி மேய்கின்றன. மேய்ச்சல் ஒரே இடத்தில் குவிவதில்லை. நம் பாக் விரிகுடாவிலும் கடற்புல்லும் ஆவுளியாவும் உண்டு. 2022இல் அவற்றுக்காக 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தார்கள். அதைப் பற்றிப் பேசும் மேடைகளில் சுறாவின் பெயரை நான் அதிகம் கேட்டதில்லை.

என்னைக் கேட்டால், புதிய சட்டத்துக்கு முன் பழைய சட்டம் ஒன்றைக் கையில் எடுக்கலாம். பல இனங்களின் குட்டிகள் வளர்வது கரையோர ஆழமில்லாத நீரிலும் முகத்துவாரங்களிலும்தான். விசைப்படகு கரையையொட்டி மீன் பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம் சொல்கிறது. நாட்டுப்படகு மீனவர்கள் ஆண்டாண்டாகக் கேட்பதும் அதைத்தான். தூண்டிலில் உயிரோடு வரும் குட்டியைத் தூண்டில் இழையை அறுத்து விட்டுவிடலாம். விசைப்படகு இழுத்துப்போகும் இழுவைமடி வலையில் மணிக்கணக்காக நசுங்கி வருவதை என்ன செய்ய முடியும்? அந்த மடி கரையோரம் வராமலிருந்தால் குட்டிக்கு ஆண்டின் 365 நாளும் தடைக்காலம்தான்.

நன்றி, வணக்கம்.