வெளியுறவுத் துறையில் சேர நினைக்கும் மாணவருக்கு ஒரு கோடைக்காலம்

[திரையில்: இரண்டு பக்கத் தாள், அதில் சிவப்பு மையில் அடித்தல் திருத்தல்கள்]

பக்கத்து நாட்டில் திடீரென்று ராணுவ ஆட்சி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூதரகத்தை மூடலாமா, வேண்டாமா? நாளைக் காலைக்குள் அமைச்சர் முடிவெடுக்க வேண்டும். அவருக்கு இரண்டே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதச் சொல்கிறார் ஆசிரியர். மாணவி முதல் ஒன்றரைப் பக்கத்தில் அந்த நாட்டின் வரலாற்றை எழுதுகிறார். தாள் திரும்பி வருகிறது. வரலாறு முழுவதும் அடிக்கப்பட்டு, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: "சரி, அமைச்சர் இப்போது என்ன செய்ய வேண்டும்?"

இந்தக் குறிப்புக்கு 'பாலிசி மெமோ' என்று பெயர். பரிந்துரை முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும், காரணங்கள் அதற்குப் பிறகுதான். கல்லூரிக் கட்டுரைக்கு நேர் எதிரான பழக்கம் இது. சர்வதேச உறவுகள் துறைக்கு இளநிலை மாணவர்களைத் தயார் செய்யும் கோடைப் பயிற்சிகளில் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்பது என் கருத்து.

[திரையில்: வாஷிங்டன் நகர வரைபடம்]

அமெரிக்காவில் இப்படிச் சில திட்டங்கள் பெயர் பெற்றவை. ஒன்று, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சார்லஸ் ரேங்கல் பெயரிலான கோடைப் பயிற்சி. ஆறு வாரம், வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் நடந்துவந்திருக்கிறது. ஹார்வர்டு இல்லை, ஹோவர்டு. கறுப்பின மாணவர்களுக்காக 1867-இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. அங்கே ரால்ஃப் பன்ச் பெயரில் ஒரு சர்வதேச விவகார மையம் இருக்கிறது, பயிற்சியை நடத்திவந்திருப்பது அந்த மையம்தான்.

பன்ச் யார் என்று சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ஹோவர்டில் அரசியல் அறிவியல் துறையை உருவாக்கியவர். 1949-இல் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்பாடுகள் ஏற்பட ஐ.நா. சார்பில் பேச்சு நடத்தினார். 1950-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார், அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அப்படிப்பட்டவரை 1949-இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் உயர் பதவிக்கு அதிபர் ட்ரூமனின் அரசு அழைத்தபோது மறுத்துவிட்டார். வாஷிங்டனில் அன்று இருந்த நிறப்பாகுபாட்டுக்குள் குடும்பத்தோடு திரும்பிப் போய் வாழ அவர் விரும்பவில்லை. திறமைசாலிக்கே கதவு இப்படித்தான் இருந்தது என்றால், பணமும் அறிமுகமும் இல்லாத சாதாரண மாணவருக்கு எப்படி இருந்திருக்கும்? இந்தப் பயிற்சிகள் வந்த காரணம் இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று, பி.பி.ஐ.ஏ. (பப்ளிக் பாலிசி அண்ட் இன்டர்நேஷனல் அஃபேர்ஸ்) என்ற அமைப்பு நடத்தும் ஏழு வாரப் பயிற்சி. மூன்றாம் ஆண்டு முடித்து நான்காம் ஆண்டுக்குப் போகிறவர்களுக்கானது. பிரின்ஸ்டன், மிச்சிகன், கார்னெகி மெலன் போன்ற பல்கலைக்கழகங்கள் நடத்தியிருக்கின்றன. இங்கே பொருளாதாரமும் புள்ளியியலும் பிழிந்து எடுத்துவிடுவார்கள். "நான் அரசியல் படிக்க வந்தேன், கணக்கு எதற்கு?" என்று பலருக்குத் தோன்றும். ஒரு நாட்டின் மேல் பொருளாதாரத் தடை போட்டால் யாருக்கு வலிக்கும் என்று சொல்ல வேண்டுமானால் எண்கள் இல்லாமல் முடியாது. முதுநிலைப் படிப்பில் கால் வழுக்கும் இடமும் இதுவே.

மொழிதான் உங்கள் ஆர்வம் என்றால், சி.எல்.எஸ். (கிரிட்டிகல் லாங்குவேஜ் ஸ்காலர்ஷிப்) என்ற அமெரிக்க அரசின் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. அரபு, சீனம், ரஷ்யன் போன்ற மொழிகளைத் தீவிரமாகக் கற்றுத் தருவார்கள்.

[திரையில்: நாட்காட்டி]

அப்புறம், விண்ணப்பம். முதலில் தகுதி விதியைப் படியுங்கள். ரேங்கல், சி.எல்.எஸ். இரண்டும் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். அரசு நிதியில் நடப்பவை என்பதால் ஆண்டுக்கு ஆண்டு நிலைமை மாறலாம், அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். செலவை எல்லாம் திட்டமே ஏற்கிறதா, உதவித்தொகை தருகிறதா என்பதையும் கேளுங்கள். கோடையில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் தரும் மாணவருக்கு அதுதான் முதல் கேள்வி. கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

கோடைக்கான விண்ணப்பம் முந்தைய நவம்பரிலேயே முடிந்துவிடுவது உண்டு. பரிந்துரைக் கடிதம் தரப்போகும் பேராசிரியரிடம் ஒரு மாதம் முன்னாலேயே போய்ப் பேசுங்கள். போகும்போது நீங்கள் எழுதிய நல்ல கட்டுரை ஒன்றையும் கையில் எடுத்துப் போங்கள். உங்களைப் பற்றிக் குறிப்பாக ஏதாவது எழுத அவருக்கு அது உதவும்.