பங்கு பிரிப்பது யார்?

வணக்கம். கோட்டை வாசலுக்கு அருகே நின்று இதைப் பதிவு செய்கிறேன். பின்னால் மான்கள் நடமாடுகின்றன. திருகோணமலைக்காரர்களுக்கு அது புதிதல்ல என்பதால், அவற்றை விட்டுவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

இன்று காலை கடற்கரையில் கரைவலை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஓர் ஐயா, நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். அவர்களேதான் என்றேன். அரசியலமைப்பின் 68ஆம் உறுப்புரைப்படி, அமைச்சர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் உரிய ஊதியத்தையும் படிகளையும் நாடாளுமன்றமே சட்டத்தினாலோ தீர்மானத்தினாலோ ஏற்பாடு செய்துகொள்ளலாம். அவர் சிரித்துவிட்டு, "அப்ப பங்கு பிரிக்கிறவரே பங்கையும் எடுக்கிறார் எண்டு சொல்லு பிள்ளை" என்றார். கரைவலையில் மீனை விற்றுச் செலவைக் கழித்தபின், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு எவ்வளவு, வலை இழுத்தவர்களுக்கு எவ்வளவு என்பது மணலில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் மாதக் கொடுப்பனவு 54,285 ரூபாய். அது பெரிய தொகையன்று. அதைப் பெரிதாக்கிக் காட்டுவதும் என் நோக்கமன்று. ஆனால் அமர்வுக்கு வரும் நாளுக்கு 2,500 ரூபாய், எரிபொருளுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று எனத் தலைப்புகள் பிரிந்து போவதால், மொத்தக் கணக்கை ஒரே வரியில் பார்க்கும் வாய்ப்பு வாக்காளருக்குக் கிடைப்பதில்லை. ஐந்து ஆண்டுகள் பதவியில் இருந்தாலே வாழ்நாள் ஓய்வூதியம் பெற வழிசெய்ததும் 1977இல் அன்றைய அவை இயற்றிய சட்டம்தான். கூட்டத் தெரிந்த கைக்குக் குறைக்கவும் தெரியும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: முன்னாள் சனாதிபதிகளுக்கான சலுகைகளை வழங்கிய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை 2025 செப்டெம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது.

அக்கரையில், 2017 யூலையில், தமிழக விவசாயிகள் டில்லியில் போராடிக்கொண்டிருந்த நாட்களிலேயே சட்டமன்ற உறுப்பினர்களின் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக உயர்த்தப்பட்டது. அமெரிக்காவில் காங்கிரஸ் உறுப்பினர்களின் ஊதியத்தை மாற்றும் சட்டம் எதுவாயினும், இடையில் ஒரு பிரதிநிதிகள் சபைத் தேர்தல் நடந்த பின்னரே நடைமுறைக்கு வரும். இப்படி விதிக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 1789இல் முன்மொழியப்பட்டு 1992இல்தான் நிறைவேறியது. இருநூறு ஆண்டுகள் இழுபட்டாலும், எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. உயர்த்தியவர் அதை அனுபவிக்கும் முன் எங்கள் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும்.

ஆனால் அதற்குத் தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டுமே! கிழக்கு மாகாண சபையின் தலைமையிடம் நமது ஊர்தான். 37 உறுப்பினர்களைக் கொண்டிருந்த அந்தச் சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பிறகு, தேர்தல் இன்றி மாகாண நிருவாகம் ஆளுநரின் கையிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடியது. 2023 மார்ச் 9ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்ட உள்ளூராட்சித் தேர்தல், பணம் இல்லை என்ற காரணத்தால் நின்றுபோய், 2025 மே 6இல்தான் நடந்தது. இடையில் 2024 ஓகஸ்டில், அந்தத் தேர்தலை நடத்தத் தவறியது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்குச்சீட்டு அச்சிடப் பணம் இல்லாதிருந்த அந்த மாதங்களிலும் உறுப்பினர்களின் படிகளுக்குத் திறைசேரியில் பணம் இருந்தது. எனக்கு உறுத்துவது அந்த ஒன்றுதான்.

ஆகவே, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். இதோ, கையில் இருக்கிறது. நம் மாவட்டத்து உறுப்பினர்கள் நால்வருக்கும் ஒரு மாதத்தில் எல்லாத் தலைப்புகளின் கீழும் வழங்கப்பட்ட மொத்தத் தொகையை மட்டும் கேட்டிருக்கிறேன். நாடாளுமன்றத்தின் தகவல் அலுவலருக்கு நாளை பதிவுத் தபாலில் போகிறது. தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வருகிற கடிதத்தை இதே இடத்தில் நின்று உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன், அந்த ஐயாவையும் அழைத்து வந்து.