எஸ்டிமேட்டில் ஒரு வரி

அனைவருக்கும் வணக்கம்.

முன்வரிசையில் பொறியாளர்களும் கட்டிடக் கலைஞர்களும் இருக்கிறீர்கள். பின்னால் சிற்பமும் ஓவியமும் படிக்கிற மாணவர்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. வழக்கமாக முன்வரிசைக்காரர்கள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிய பிறகுதான் பின்வரிசைக்காரர்களுக்கு அழைப்பு போகும். இன்றைக்கு நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் மூலைக்கு ஒன்றாக நான்கு பீடங்கள் உண்டு. வடமேற்கு மூலையில் இருப்பது 1841இல் கட்டியது. நான்காம் வில்லியம் மன்னர் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை அதன்மேல் வந்திருக்க வேண்டும். பணம் போதவில்லை, சிலை வரவில்லை. பீடம் மட்டும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வெறுமையாக நின்றது. 1999இல்தான் மார்க் வாலிங்கர் செய்த ஒரு மனித உருவம் அங்கே ஏறியது. அதற்குப் பிறகு தற்காலிகப் படைப்புகள் ஒன்று மாற்றி ஒன்றாக வருகின்றன. இன்றைக்கு ‘நான்காவது பீடம்’ என்றாலே கலையுலகில் தனி மதிப்பு. ஆனால் தொடக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கல்லுக்குப் பணம் இருந்தது, சிலைக்கு இல்லை. ஓர் அரசரின் சிலைக்கே இந்தக் கதி என்றால், ஒரு சாதாரணப் பூங்காவில் வைக்கப்போகும் படைப்பின் கதி என்னவாகும்?

நம் வேலை எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். கட்டிடம் முடியப்போகிறது, திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று. பார்வையிட வந்த யாரோ ஒருவர், “வாசல் சுவர் வெறிச்சென்று இருக்கிறதே, ஏதாவது வரைந்தால் என்ன?” என்று கேட்கிறார். மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். மிச்சம் கொஞ்சம்தான், நாளும் இருபதுதான். அப்போது ஓவியருக்குப் போன் வரும். அப்படி வந்த போனை நானும் எடுத்திருக்கிறேன். ஒரு பொதுக் கட்டிடத்தின் நுழைவுச் சுவரில் பதினெட்டு நாள் இரவும் பகலுமாக வரைந்தேன். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, ஓவியத்தில் இருந்த பெண்ணின் தோள் வழியாக ஏசி குழாய் போய்க்கொண்டிருந்தது. யார்மேலும் கோபப்பட முடியவில்லை. குழாய் போட்டவருடைய வரைபடத்தில் அது வெறும் சுவர். அங்கே ஓவியம் வரும் என்று யாருமே எழுதிவைக்கவில்லை.

எழுதிவைக்க வேண்டும் என்று 1959இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் முடிவு செய்தது. முதலில் அங்குள்ள மறுசீரமைப்பு ஆணையம் தன் நிலத்தில் கட்டுபவர்கள் கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் நகராட்சியும் தன் சொந்தக் கட்டிடங்களுக்கு அப்படி ஒரு சட்டம் போட்டது. பிரான்சில் இதற்கு முன்பே, 1951இல், பள்ளிக் கட்டிடங்களில் தொடங்கி ஒரு சதவீத விதி வந்துவிட்டது. சியாட்டில் 1973இல் சேர்ந்துகொண்டது. அமெரிக்க மத்திய அரசு தன் கட்டிடங்களுக்கு அரை சதவீதம் என்று வைத்திருக்கிறது.

ஒரு சதவீதம் என்றதும் எல்லோரும் தொகையைத்தான் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அந்தத் தொகையைவிட அது எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். திட்டம் ஒப்புதல் பெறும் அன்றே, கம்பி, சிமெண்ட், மின் இணைப்பு என்ற பட்டியலோடு கலையும் ஒரு வரியாக உட்கார்ந்துவிடுகிறது. பட்டியலில் இருக்கிற பொருளுக்கு இடம் விட்டுத்தானே வரைபடம் போடுவீர்கள்? ஏசி குழாய் சுற்றிப் போகும். சிற்பத்துக்கு அடியில் எவ்வளவு கான்கிரீட் வேண்டும் என்று முன்கூட்டியே கேள்வி வரும்.

அஸ்திவாரம் என்றால் என்ன என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் ஊரில் ஆண்டனி கோர்ம்லி செய்த ‘வடக்கின் தேவதை’ என்ற சிலை 1998இல் நின்றது. உயரம் 20 மீட்டர், இறக்கையின் அகலம் 54 மீட்டர், எடை 200 டன். திறந்த மேட்டில் அந்த இறக்கை வாங்குகிற காற்றை நினைத்துப் பாருங்கள். அதைத் தாங்க ஏறக்குறைய 20 மீட்டர் ஆழத்துக்குத் தூண்களை இறக்கிப் பாறையோடு பிணைத்தார்கள். சிலையின் உயரம் எவ்வளவோ, மண்ணுக்குள்ளும் ஏறக்குறைய அவ்வளவு! மொத்தச் செலவு சுமார் 8 லட்சம் பவுண்டு, பெரும்பங்கு தேசிய லாட்டரி நிதியிலிருந்து வந்தது. அந்தத் தொகையில் கண்ணுக்குத் தெரியாத பகுதிக்கு எவ்வளவு போயிருக்கும் என்று பொறியாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். சிற்பிகள் தங்கள் மதிப்பீட்டில் அடிக்கடி மறந்துவிடுவது இதைத்தான்.

கணக்கு தவறுவதும் உண்டு. சிகாகோ மில்லினியம் பூங்காவில் அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’ சிற்பம் 168 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது. முதலில் போட்ட மதிப்பீடு 60 லட்சம் டாலர், முடிந்தபோது 2.3 கோடி டாலர். 2004இல் பூங்கா திறந்தபோது அது முடியவே இல்லை. தகடுகளின் இணைப்புக்கோடுகள் தெரியத் தெரிய மக்கள் பார்த்தார்கள். அந்தக் கோடுகளை எல்லாம் தேய்த்து மறைத்து முடிக்க 2006 ஆகிவிட்டது. அதுவரை யாரும் செய்து பார்க்காத வேலை அது. முன்மாதிரி இல்லாத வேலைக்கு மதிப்பீட்டில் தாராளமாக இடம் விட வேண்டும். அங்கே தனியார் கொடையாளர்கள் கூடுதல் செலவை ஏற்றுக்கொண்டார்கள். வரிப்பணத்தை மட்டும் நம்புகிற ஒரு சின்ன நகரத்துக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

கலைஞரை முதல் நாளே அழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு குப்பைக் கிடங்கு. ஆமாம், குப்பைதான். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம் ஒரு பெரிய கழிவு மேலாண்மை நிலையம் கட்ட வேண்டியிருந்தது. கலைக்கான சதவீதப் பணம் அந்தத் திட்டத்திலும் இருந்தது. வாசலில் ஒரு சிற்பம் வைத்துக் கணக்கை முடித்திருக்கலாம். அவர்கள் மைக்கேல் சிங்கர், லின்னியா கிளாட் என்ற இரண்டு கலைஞர்களை வடிவமைப்புப் பணியிலேயே முன்னால் உட்கார வைத்தார்கள். 1993இல் திறந்தார்கள். வழக்கமாக வேலிக்குப் பின்னால் ஒளித்துவைக்கிற வேலையை அந்த நிலையத்தில் மக்கள் வந்து பார்க்கலாம். மேலிருந்து பார்ப்பதற்கு நடைபாதை, உட்காருவதற்குப் படிக்கட்டு அரங்கு எல்லாம் இருக்கிறது. தான் வீசிய குப்பை எங்கே போகிறது என்று ஒரு குழந்தை நேரில் பார்க்கிறது. அங்கே கலை எது, கட்டிடம் எது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது.

சரி, பணம் வந்துவிட்டது, கலைஞரும் வந்துவிட்டார். அந்த இடத்தில் தினம் நடக்கிறவர்களை யார் கேட்டது?

நியூயார்க்கில் மத்திய அரசு அலுவலகங்களுக்கு நடுவே இருக்கும் சதுக்கத்தில் 1981இல் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் ‘டில்டட் ஆர்க்’ வந்தது. 120 அடி நீளம், 12 அடி உயரம், சாய்ந்து வளைந்த ஓர் இரும்புச் சுவர். மதிய நேரத்தில் குறுக்கே நடந்து போய்க்கொண்டிருந்த ஊழியர்கள் சுற்றிப் போக வேண்டியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியது. 1985இல் பொது விசாரணை வைத்தார்கள். பேசியவர்களில் 122 பேர் அது இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுத்துவிடச் சொன்னார்கள். இருந்தாலும் எடுப்பதென்றே முடிவானது. இந்த இடத்துக்கென்று செய்ததை வேறு இடத்தில் வைத்தால் அது அழிந்ததற்குச் சமம் என்று செர்ரா வழக்காடிப் பார்த்தார், பலிக்கவில்லை. 1989 மார்ச்சில் இரவோடு இரவாக வெட்டி எடுத்தார்கள்.

நான் மாணவனாக இருந்தபோது செர்ரா பக்கம் நின்றேன். இப்போதும் அந்தப் படைப்பு நல்ல படைப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் விசாரணை எப்போது நடந்தது என்று பாருங்கள். சுவர் நின்று நாலு வருடம் கழித்து! அதே ஊழியர்களோடு முன்பே உட்கார்ந்து, இது ஏன் சாய்கிறது, ஏன் குறுக்கே வருகிறது என்று பேசியிருந்தால், எல்லோரும் ஏற்றிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தங்கள்மேல் யாரோ இறக்கிவைத்த பொருளாக அவர்களுக்குத் தோன்றியிருக்காது. பிலடெல்பியாவின் சுவரோவியத் திட்டத்தைப் பாருங்கள். 1984இல் சுவர்களில் கிறுக்கும் இளைஞர்களைத் திருத்தும் முயற்சியாகத் தொடங்கியது அது. ஜேன் கோல்டன் என்ற ஓவியர் அந்த இளைஞர்களையே தூரிகை பிடிக்க வைத்தார். தெருவில் கூட்டம் போட்டு, அங்கே வசிப்பவர்களோடு பேசி, பிறகு வரைகிறார்கள். அந்த நகரத்தில் இன்று ஆயிரக்கணக்கான சுவரோவியங்கள். தன்னைக் கேட்டு வரைந்த சுவரைத் தெருவே பாதுகாக்கும். காவலாளிக்குக் கொடுக்கிற சம்பளத்தில் ஒரு பகுதி இந்தக் கூட்டங்களுக்குப் போகட்டும் என்று நான் எல்லா இடத்திலும் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

மாணவர்களே, அடுத்தது உங்களுக்கு. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். டெல்லி விஞ்ஞான் பவனுக்காக 1957இல் சிற்பி அமர்நாத் சேகலிடம் ஒரு பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் கேட்டார்கள். ஐந்து வருடம் உழைத்தார். 140 அடி நீளம், 40 அடி உயரம். 1979இல் புதுப்பிக்கும் வேலையின்போது அதைப் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டுகள் உடைந்தன, சில காணாமல் போயின. அவர் நீதிமன்றம் போனார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பொருள் அரசுக்குச் சொந்தமானாலும், படைத்தவருக்கு அதன்மேல் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தருகிற தார்மீக உரிமை, அதாவது தன் படைப்பைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை, உண்டு, எஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. உரிமை கிடைத்தது, முழுச் சிற்பம் திரும்பி வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், இடம் மாற்ற வேண்டி வந்தால் யாரைக் கேட்பது, எத்தனை நாள் அவகாசம், செலவு யாருடையது என்பதெல்லாம் முதல் நாளே காகிதத்தில் இருக்கட்டும்.

பராமரிப்புக்கு வருவோம். இதைச் சொல்லும்போது அரங்கில் பாதிப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தயவுசெய்து கேளுங்கள், பூங்காக்களில் நான் பார்த்த படைப்புகளில் முக்கால்வாசி அழிந்தது இதனால்தான். வெண்கலத்தை வெளியில் வைத்தால் மழையும் காற்றில் இருக்கும் கந்தகமும் சேர்ந்து பச்சையாக அரிக்கும். வருடத்துக்கு ஒரு தடவையாவது கழுவி மெழுகு பூச வேண்டும். சுவரோவியத்துக்கு வெயிலைவிடச் சுவருக்குப் பின்னால் ஊறும் ஈரம்தான் பெரிய எதிரி, அது வண்ணத்தை உள்ளிருந்தே உரித்துத் தள்ளும். மேலே ஒரு குழாய் கசிந்தால் ஓவியம் போயிற்று. நீரூற்று என்றால் மோட்டார், வடிகட்டி, மின்கட்டணம். மக்கள் கை வைக்கிற உயரம் வரை ‘கிளவுட் கேட்’டைத் தினமும் கையால் துடைக்கிறார்கள், அந்தக் கண்ணாடிப் பளபளப்புக்குப் பின்னால் தினசரி ஒரு ஆள் வேலை இருக்கிறது. கலைக்கு ஒதுக்கும் நூறு ரூபாயில் பத்தையாவது தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். அப்புறம் ஒரு பதிவேடு வேண்டும். எந்தக் கம்பெனி வண்ணம், எந்தக் கலவை உலோகம், எப்போது கழுவியது என்று எழுதிவைத்தால்தான் அடுத்து வருகிறவர் தப்பான அமிலத்தை ஊற்றித் தேய்க்காமல் இருப்பார். யாராவது சிலை ஒன்றை இலவசமாகத் தருகிறேன் என்று வந்தால், பராமரிப்புத் தொகையையும் சேர்த்துக் கேளுங்கள். இடத்தை நகரம் முடிவு செய்யட்டும், கொடுப்பவர் முடிவு செய்ய வேண்டாம்.

எல்லாமே நிரந்தரமாக இருக்கத் தேவையும் இல்லை. பூங்காவுக்கு இது மிகவும் பொருந்தும், ஏனென்றால் அங்கே ஏற்கெனவே மரங்கள் இருக்கின்றன. கிறிஸ்டோ, ஜான்-கிளாட் என்ற கலைஞர் தம்பதி நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் துணி தொங்கும் வாயில்களை வைக்க 1979லேயே திட்டம் போட்டார்கள். 1981இல் நகரம் மறுத்துவிட்டது. 2005 பிப்ரவரியில்தான் நடந்தது: காவி நிறத் துணியோடு 7,503 வாயில்கள், 37 கிலோமீட்டர் நடைபாதை, 16 நாட்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் திட்டத்தை மாற்றியிருந்தார்கள். தரையில் குழி தோண்டும் யோசனையைக் கைவிட்டு, பாதையின்மேல் இரும்பு எடைகளை வைத்து அதில் கம்பங்களை நிறுத்தினார்கள். ஒரு வேரும் அறுபடவில்லை. செலவு முழுவதும் தங்கள் வரைபடங்களை விற்று அவர்களே போட்டார்கள். முடிந்ததும் கழற்றி, பொருளை மறுசுழற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். மறுப்பை வாங்கிக்கொண்டு போய், மரத்துக்காகத் தன் வேலையைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்த அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த எஸ்டிமேட் போடும்போது ‘கலை’ என்று ஒரு வரி எழுதுங்கள். அதன் கீழே நாலு துணைவரி: கலைஞர் ஊதியம், செய்து நிறுத்தும் செலவு, அங்கே வாழ்பவர்களோடு பேசும் கூட்டங்கள், பராமரிப்பு. தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே எங்களைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது மண் பரிசோதனை அறிக்கையையும் கையில் கொண்டு வாருங்கள். எங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள், கற்றுக்கொள்கிறோம்.

இனி நீங்கள் கேளுங்கள்.