ஓரத்துக் கதிர் யாருக்கு?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்றைக்கு வேதாகமத்தில் உள்ள ரூத் புத்தகத்தின் 2-ஆம் அதிகாரத்தைப் பற்றிப் பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ரூத் என்றாலே நமக்கு மாமியார் மருமகள் பாசமும், கல்யாண வீட்டுப் பிரசங்கமும்தான் ஞாபகம் வரும். நான் பேச வந்தது வயலில் நடப்பதைப் பற்றி.

மாமியார் நகோமியும் மருமகள் ரூத்தும் மோவாப் தேசத்திலிருந்து பெத்லெகேமுக்கு வந்து சேர்கிறார்கள். வாற்கோதுமை அறுப்பு தொடங்குகிற சமயம். இருவருமே விதவைகள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ரூத் அந்த ஊருக்கே புதியவள், வேற்று ஜாதிக்காரி. இருந்தாலும் அவள் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. வயலுக்குப் போய்க் கதிர் பொறுக்கி வருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். முன்பின் தெரியாத ஒருவருடைய வயலில் அப்படி இறங்க முடிந்ததற்குக் காரணம், நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், அவளுக்கு அந்த இடத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தது.

லேவியராகமம் 19:9, 10 எடுத்துப் பாருங்கள். வயலின் ஓரத்தில் இருப்பதைத் தீர அறுக்காதே, சிந்திக் கிடக்கிற கதிரைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது வேற்று ஊரிலிருந்து வந்து தங்கியவனுக்கும், விட்டுவிடு என்கிறது. உபாகமம் 24 இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு அரிக்கட்டை, அதாவது அறுத்த கதிர்க்கட்டை, மறந்து வயலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாயா, எடுக்கத் திரும்பிப் போகாதே. ஒலிவமரத்தை உதிர்த்த பிறகு கொம்பில் தப்பி நிற்கிறதா, மறுபடியும் போய்ப் பறிக்காதே. அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது. ஓரம் என்றால் எவ்வளவு என்று வேதம் அளவு சொல்லவில்லை. பிற்காலத்து யூத ரபீமார் குறைந்தது 60-இல் ஒரு பங்காவது விட வேண்டும் என்று வைத்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வயல்காரர் அங்கே எதையும் எடுத்து யார் கையிலும் கொடுப்பதில்லை. விட்டுவிடுகிறார், அவ்வளவுதான். ஏழை வருகிறாள், குனிந்து பொறுக்குகிறாள், தன் பங்கோடு வீட்டுக்குப் போகிறாள். யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. லேவியராகமம் 23-இல் பண்டிகைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, அறுப்புப் பண்டிகை முடிந்த கையோடு, 22-ஆம் வசனத்தில் இதே கட்டளை மறுபடியும் வருகிறது. ஆராதனை முறைகளுக்கு நடுவே அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

சரி, இப்போது ரூத் பொறுக்கப் போன வயலின் சொந்தக்காரர் போவாஸிடம் வருவோம். சட்டப்படி ரூத்தைப் பொறுக்க விட்டதோடு அவர் கடமை முடிந்தது. ஆனால் அவர் முதலில் செய்தது, வாலிபர்கள் யாரும் அவளைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டது. தாகம் எடுத்தால் வேலைக்காரர் மொண்டு வைத்த தண்ணீரையே குடி என்கிறார். சாப்பாட்டு நேரத்தில் கூட உட்காரவைத்து வறுத்த கோதுமை கொடுக்கிறார். அப்புறம் அவள் எழுந்து போனதும் வேலைக்காரரிடம் சொல்கிறார்: "அவளுக்காக அரிகளிலே சிலவற்றைச் சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள்." தற்செயலாக விழுந்ததுபோல, வேண்டுமென்றே உதிர்த்துவிட வேண்டும். அவளுக்கு அது தெரியவே கூடாது. சாயங்காலம் தட்டி அடித்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு எப்பா (அந்தக் காலத்துத் தானிய அளவு) தேறுகிறது. அது சுமார் 22 லிட்டர் என்று பலரும் கணக்கிடுகிறார்கள். ஒருத்தி ஒரு நாளில் பொறுக்கியது!

இதைப் படிக்கும்போது என் மனதில் வருவது ஒரு அம்மாவின் முகம். கிறிஸ்துமஸ் சமயம், ஒரு சபையில் புடவையும் அரிசிப் பையும் கொடுத்தார்கள். அந்த அம்மா பையை வாங்கி, வணக்கம் சொல்லி, இறங்கப் போனார். போட்டோ சரியாக விழவில்லை, இன்னொரு தடவை வாங்குங்கள் என்றார்கள். பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கினார். அப்போதும் கேமராவைப் பார்க்காமல், பையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் போவாஸ் உதிர்க்கச் சொன்ன கதிர் இப்படிப் போய்ச் சேராது. வலதுகை செய்கிறதை இடதுகை அறியக்கூடாது என்று மத்தேயு 6-இல் இயேசு சொன்னதை நாம் மனப்பாடமாகச் சொல்வோம், மேடையில் வைத்து மறந்துவிடுகிறோம்.

வயல் இல்லாத நமக்கு ஓரம் எது என்று கேட்பீர்கள். கீரை விற்கிற அம்மாவிடம் கடைசி ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசாமல் விடுவது ஓரம்தான். வீட்டு வேலைக்கு வருகிற அக்கா காய்ச்சலில் வரவில்லையென்றால் அந்த நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் இருப்பதும் அதுதான். கடை வைத்திருக்கிறவர்கள், ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் இதை இன்னும் நன்றாக யோசிக்கலாம். கடைசிச் சொட்டுவரை பிழிந்து லாபம் பார்த்துவிட்டு, அதில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை, எடுத்து வைப்பது வேறு. லாபம் பார்க்கும்போதே கொஞ்சம் விட்டுவைப்பது வேறு. லேவியராகமம் கேட்பது இரண்டாவதை.

குனிந்து பொறுக்க முடியாதவர்களும் உண்டு. நகோமி வயலுக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருந்தார். ரூத் மத்தியானம் வயிறார சாப்பிட்டு, மீதியை எடுத்து வைத்திருந்து, சாயங்காலம் மாமியாருக்குக் கொடுத்தாள் என்று 18-ஆம் வசனம் சொல்கிறது. காலையில் ஒன்றும் இல்லாமல் போனவள், மாலையில் இன்னொருவருக்குக் கொடுக்கிறவளாகத் திரும்பி வந்தாள்.

இந்த வருடம் உங்கள் சபையில் உதவி கொடுக்கிற பொறுப்பு உங்கள் கையில் இருந்தால், ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மேடையும் போட்டோவும் வேண்டாம். இரண்டு பேர் போய் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.